அப்பா காதில் விழாத ‘ஓ’

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம், அங்கே உங்கள் சுகத்தை அறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போகிறது, ஆனால் அப்படி எழுதினால் பாதிதான் உண்மையாக இருக்கும். அப்பா சுகம். தையல் மெஷின் சுகம், போன வாரம்தான் எண்ணெய் போட்டேன். மாடி வீட்டு நர்ஸ் சுகம், அவள் பிள்ளை பொட்டலம் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான், பிடி விட்டால் தொப்பென்று உட்கார்ந்துவிட்டு யாரோ தள்ளிவிட்டதுபோல் சுற்றிலும் முறைக்கிறான். நான் சுகமா இல்லையா என்பதுதான் எனக்கே சரியாகத் தெரியவில்லை, அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நன்றாக இருக்க வேண்டும். குட்டிக்குத் தலை நின்றுவிட்டதா? பால் கொடுக்கும்போது கூன் போட்டு உட்காராதே, முதுகுக்கு ஒரு தலையணையும் கைக்கு ஒரு தலையணையும் வைத்துக்கொள், பிள்ளையை நீ எடுத்து வா, பிள்ளையிடம் நீ குனிந்து போகாதே. உன் தலைமுடி ரொம்பக் கொட்டுகிறது என்றாயே, அது எல்லோருக்கும் கொட்டும், தானாக நிற்கும், அதற்காகக் கண்ட எண்ணெயை வாங்காதே.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ எடுத்த எடுப்பில் குட்டியைத் திரைக்கு நேராகக் காட்டுகிறாய், அவளைப் பார்த்ததும் என் வாய் கட்டிப்போகிறது. அதோடு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, ஆறு கடந்து அக்கரையில் இருக்கிற ஆளைக் கூப்பிடுவதுபோல் பேசுகிறார். நீ வேறு நான் ஒரு வார்த்தை ஆரம்பித்தால் அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா என்று முடித்துவிடுவாய். எனக்கு எப்போதும் எதிரே ஆள் இருந்தால் பேச வராது, அது உனக்குத் தெரியும், உன் பள்ளிக்கூடத்து ஆசிரியை கேட்ட கேள்விக்கெல்லாம் நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தவள். அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி. பாதியில் நிறுத்திவிட்டு போன் பண்ணாதே.

முதலில் முழங்கால் விஷயம். என் முழங்கால் நன்றாக இருக்கிறது. இரண்டுமே. விமானத்தில் அவ்வளவு நேரம் மடக்கி உட்கார முடியாது, டாக்டர் வேண்டாம் என்கிறார் என்று நான் சொன்னதெல்லாம் இட்டுக்கட்டியது. போன மாதம் நீ போனில், உனக்கு என் பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கலையாம்மா என்று கேட்டாய். கேட்டுவிட்டு, சரி விடு, அத்தை ஊருக்குக் கிளம்பினதும் ஏதாவது காப்பகம் பார்த்துக்கறோம் என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். நான் போனைக் கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டேன், சார்ஜ் போய்விட்டது என்று அப்புறம் சொன்னேன். உன் விடுப்பு முடியப் போகிறது, உன் மாமியாரும் அதற்கு முன்பே கிளம்புகிறார், இந்த நேரத்தில் பெற்றவள் வராமல் சாக்குச் சொன்னால் நீ வேறு என்னத்தை நினைப்பாய். பிடிக்காமல் இல்லை. பயந்துகொண்டு இருந்தேன். உன்னைப் பார்த்தோ விமானத்தைப் பார்த்தோ இல்லை. என் கையைப் பார்த்து.

நர்ஸுக்குப் பகல் டியூட்டி வரும் நாட்களில் பொட்டலத்தை நான்தான் வைத்துக்கொள்வேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். துண்டில் சுருட்டிப் படியிறங்கி வந்து, பார்சல் வந்திருக்கு பெரியம்மா, கையெழுத்துப் போடுங்க என்று நீட்டுவாள், அதனால்தான் அவன் பெயர் பொட்டலம். மத்தியானம் அவன் சிணுங்கினால் நம் பால்கனியில் தூக்கிக்கொண்டு நிற்பேன். கீழே தண்ணீர் லாரி வரும், எதிர்க் கொட்டகைக் கூரையில் ஒரு பூனை வெயில் காயும், அவன் அதைப் பார்த்து ஏதோ சொல்வான். அப்படி ஒரு மத்தியானம் நிற்கும்போது, சும்மா நிற்கும்போது, இப்போது கையை விட்டால் என்று ஒரு நினைப்பு வந்தது. கோபம் இல்லை, அவன் அழவும் இல்லை, என் தோளை நக்கிக்கொண்டிருந்தான். உள்ளே வந்து அவனைத் தரையில் பாயில் விட்டுவிட்டு நான் எதிர்ச் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டேன். அவன் என்னிடம் தவழ்ந்து வருகிறான், நான் நகர்ந்துகொண்டே போகிறேன், அவனுக்கு அது விளையாட்டு, கெக்கெக்கே என்று சிரிக்கிறான். பார்க்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்.

சரி, ஏதோ வந்தது, போய்விடும் என்று பார்த்தால் போகவில்லை. மறுநாளும் வந்தது. பாத்திரம் கழுவும்போது வந்தது, பேன்ட் அடி மடிக்கும்போது வந்தது. வராதே என்று சொன்னேன், இன்னும் அதிகமாக வந்தது. நான் அப்படிச் செய்கிறவள் இல்லை என்று எனக்கு நானே எடுத்துச் சொல்வேன், நீ சின்னதாக இருந்தபோது உன்னை எப்படித் தூக்கினேன் என்று ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திப் பார்ப்பேன், கொஞ்ச நேரம் நிம்மதியாக இருக்கும், உடனே, அப்படியானால் எதற்கு அது தோன்றியது என்று மறுபடி முதலிலிருந்து. மெஷினில் அடியில் நூல் சிக்கும் பார், அது தெரியாமல் நாம் பெடலை அழுத்த அழுத்த துணிக்குக் கீழே குருவிக்கூடு மாதிரி சுற்றிக்கொண்டே போகும், மேலிருந்து பார்த்தால் தையல் ஒழுங்காகப் போவதுபோலவே இருக்கும். அப்படித்தான் இருந்தது. வெளியே நான் துணி தைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். பட்டறையில் போய்ச் சொன்னேன், வீட்டில் சொன்னால் முகம் பார்த்துச் சொல்ல வேண்டும், அங்கே அவர் குனிந்து வேலையில் இருப்பார், சுலபம் என்று நினைத்தேன். அதுதான் தப்பாகப் போயிற்று. இத்தனை வருஷம் இரும்பு அறுக்கிற கிரைண்டர் சத்தத்தில் நின்று அவருக்கு இடது காது பாதி மந்தம் என்று உனக்குத் தெரியும், ஒப்புக்கொள்ளத்தான் மாட்டார். நான் போய் இடது பக்கம் நின்றுகொண்டு, என்னங்க, பிள்ளையைக் கையில வச்சிருக்கும்போது கீழ போட்டுருவேனோன்னு இருக்கு என்றேன். அவர் கிரைண்டரை நிறுத்தினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பால்கனியை அளந்தார். இரண்டு நாளில் கைப்பிடியிலிருந்து கூரைவரை கிரில் அடித்து வெல்டிங் வைத்துவிட்டார். நடுவில் பூ வேறு, யாரோ வாங்காமல் விட்டுப்போன கேட்டில் இருந்ததாம், வீணாகக் கூடாதே என்று வைத்தாராம். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் புறாத் தொல்லை என்றார். நம் பால்கனிக்கு எந்தப் புறா வந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன், நீ சிரிக்காதே. இந்த மனுஷன் என்னை என் கல்யாணத்திலிருந்து பார்க்கிறவர், என் வாயில் வராததைக்கூட முகத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார். இவரே கம்பி போட்டு அடைக்கிறார் என்றால், நான் செய்துவிடுவேன் என்று இவருக்கும் தெரிந்துவிட்டது, அப்படியானால் அது நிஜம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். சண்டையும் போடவில்லை, விளக்கமும் கேட்கவில்லை, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சாப்பிட்டோம். பால்கனி அடைபட்டதும் நினைப்பு கத்தரிக்கோலுக்கு மாறியது. அதையும் சொன்னேன், அவர் கத்தரிக்கோலைப் பட்டறைக்கு எடுத்துப் போய்விட்டார். கத்தரிக்கோல் இல்லாத தையல்காரியைப் பார்த்திருக்கிறாயா? நூலைப் பல்லால் கடித்தேன், துணியைக் கிழித்தேன், பெரிய துணி வந்தால் மடித்து எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய் நெருப்புப் பொறிக்கு நடுவே நின்று வெட்டிக்கொண்டு வந்தேன், அவர் வெல்டிங் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நான் வெட்டி முடிக்கும்வரை நிற்பார். அப்புறம் நினைப்பு படிக்கட்டுக்குப் போயிற்று. படிக்கட்டுக்கு என்ன செய்வார், பாவம். பொட்டலத்தை இறக்கவும் ஏற்றவும் நேரத்துக்குத் தானே வந்து நின்றார். உன்னிடம் போனில் உங்க பால்கனிக் கைப்பிடி உன் இடுப்புக்கு வருதா நெஞ்சுக்கு வருதா என்று கேட்டாரே, நீகூட அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று சிரித்தாய். அதுதான் ஆச்சு.

நான் பொட்டலத்தை வாங்கிக்கொள்வதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினேன். இன்று தலைவலி, இன்று ஆர்டர் நிறைய என்று. நர்ஸ் ஒருநாள் வாசலில் நின்று, என்ன பெரியம்மா, எங்க ஆள் ஏதாவது வம்பு பண்ணிட்டானா, சொல்லுங்க, அவன் சார்பா நான் மன்னிப்பு கேட்டுக்கறேன் என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் இப்போது நினைத்தால் உன் குரல் மாதிரியே இருந்தது, என் பிள்ளையைப் பார்க்கப் பிடிக்கலையா என்று போன மாதம் நீ கேட்ட குரல். அப்புறம் அவனை ஆஸ்பத்திரிக் காப்பகத்தில் விட்டாள், அவனுக்குச் சளி பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை திரைச்சீலை அடி மடிக்கக் கொண்டு வந்தவள், நான் ஏற்கெனவே முடித்து வைத்திருந்த துணியின் ஓரத்தைப் பார்த்தாள். நாய் கடிச்ச மாதிரி இருக்கு, உங்க கையா இது, கத்தரிக்கோல் எங்க என்றாள். கத்தரிக்கோல் எங்கே என்று சொல்லப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் இடுப்பில் பிள்ளை இருந்தான். நான் சொல்லி முடித்ததும் அவனை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பயந்து மாற்றினாளா, கனத்தால் மாற்றினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். அப்புறம், இதுக்கு எங்க ஆஸ்பத்திரியில ஒரு டாக்டர் இருக்காங்க, நான் கூட்டிட்டுப் போறேன் என்றாள். எனக்கும்தான் வரும் பெரியம்மா, ஊசி போடும்போது தப்பான மருந்தைப் போட்டா என்னன்னு வரும், வந்துட்டுப் போயிரும் என்றாள். நான் அதைக் கேட்டு இன்னும் குழம்பினேன். அவளுக்கு வந்துவிட்டுப் போவது எனக்கு மட்டும் ஏன் வந்து சம்மணம் போட்டு உட்காருகிறது?

டாக்டரிடம் அப்பாவும் வந்தார். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி. அந்த டாக்டர் ஒரு சின்னப் பெண், உன்னைவிடக் கொஞ்சம் வயது கூட இருக்கும், அவ்வளவுதான். நிறையக் கேட்டார். குரல் ஏதாவது கேட்குதா, யாராவது செய்யச் சொல்றாங்களா, செய்யணும்னு ஆசை வருதா, செத்துப்போகணும்னு தோணுதா என்றெல்லாம். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். அப்புறம், அது எப்படி வருதோ அதே வார்த்தையில ஒரு தடவை சொல்லுங்கம்மா என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு, கீழ போட்டுருவேனோன்னு வருது என்றேன். பக்கத்தில் அப்பா நிமிர்ந்தார். இவ என்கிட்ட அப்படிச் சொல்லலை என்றார். எப்படிச் சொன்னாங்க என்று டாக்டர் கேட்க, போட்டுருவேன்னு இருக்குன்னு சொன்னா என்றார். நான் ‘ஓ’ போட்டுத்தான் சொன்னேன் என்றேன். ‘ஓ’ எல்லாம் சொல்லலை என்றார் அவர். சொன்னேன். சொல்லலை. உங்களுக்குக் காது கேக்காது. உனக்கு வாய் திறக்காது. டாக்டர் முன்னால், ஒரு எழுத்துக்காக, எங்கள் கல்யாணத்திலிருந்து போடாத சண்டையைப் போட்டோம். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம் அப்பா அடங்கிப்போனார். ‘ஓ’ன்னு தெரிஞ்சிருந்தா நான் எதுக்குக் கம்பி போடறேன், பயந்துக்காதேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வேலையைப் பார்த்திருப்பேன்ல என்றார் மெதுவாக. அவ்வளவு நாளும் அவர் என்னை அப்படி ஒருத்தி என்று நினைத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார், என்னை யாரிடமும் காட்டிக் கொடுக்காமல் புறா மேல் பழி போட்டிருக்கிறார். அதை நினைத்து அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் அவரைப் பார்த்து, பயந்துக்காதேன்னும் நிறைய சொல்லாதீங்க ஐயா, அதுவும் கம்பி போடற மாதிரிதான் என்றார். அப்பாவுக்கு வந்ததே ஒரு குழப்பம். கம்பியும் போடக்கூடாது, பயந்துக்காதேன்னும் சொல்லக்கூடாது, அப்ப புருஷன்னு நான் எதுக்கும்மா இருக்கேன் என்று கேட்டார். டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். சும்மா பக்கத்துல இருங்க, அதுதான் இருக்கறதுலயே கஷ்டம் என்றார்.

டாக்டர் சொன்னதில் எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன், தப்பாகவும் இருக்கலாம். இதற்கு எண்ணச் சுழற்சி என்று பெயராம். கண்டபடி நினைப்பு எல்லோருக்கும்தான் வருமாம். யாருக்கு எது உசத்தியோ அதைத் தொட்டு வரும்போது சிலர் அதைப் பிடித்துக்கொண்டு, இது எதற்கு வந்தது, நான் எப்படிப்பட்டவள் என்று விசாரணை வைக்கிறார்களாம், விசாரணை வைக்க வைக்க அது பெரிய ஆள் ஆகிவிடுகிறதாம். நினைப்பதும் தோன்றுவதும் வேறு வேறு, நான் நினைக்கிறேன்னு சொல்லாதீங்க, எனக்குத் தோணுதுன்னு சொல்லிப் பாருங்க என்றார். பசிக்குது, குளிருது என்கிற மாதிரி எனக்குத் தோணுது, அவ்வளவுதான், அது நான் செய்கிற காரியம் இல்லையாம். இது கேட்கும்போது புரிகிறது, வீட்டுக்கு வந்து பாத்திரத்தைத் தேய்க்க உட்கார்ந்தால் புரியவில்லை. எனக்குத் தோன்றுவது எனக்குள்ளிருந்துதானே தோன்றுகிறது, பக்கத்து வீட்டிலிருந்தா வருகிறது? சரி, நான் செய்ய மாட்டேன் என்று நீங்களாவது உத்தரவாதம் தாருங்கள் என்று அடுத்த முறை போனபோது கேட்டேன். அந்த உத்தரவாதத்தைக் கேக்கறதுதாம்மா உங்க வியாதியே என்றார். அந்த ‘ஓ’ இருக்கே, அதுக்குப் பதில் சொல்லப் போகாதீங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும், நீங்க பாட்டுக்குப் பிள்ளையைத் தூக்குங்க என்றார். இது எப்படி முடியும்? சந்தேகத்தை ஒரு கையிலும் பிள்ளையை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு எப்படி நிற்பது? ஒரு மாத்திரையும் கொடுத்திருக்கிறார், சாப்பிடுகிறேன், முதலில் வாய் உலர்ந்தது, இப்போது இல்லை.

முதலில் கத்தரிக்கோல் வீட்டுக்கு வந்தது. அப்பா அதைப் பழைய துணியில் சுற்றிக்கொண்டு வந்து மெஷின் மேல் வைத்துவிட்டு அங்கேயே நின்றார். போங்க என்றேன். போறேன் என்று சொல்லிவிட்டு நின்றார். அப்புறம் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார், மறுபடி போய்த் தண்ணீர் குடித்தார், அவ்வளவு தண்ணீரை ஒரு மனுஷன் குடித்து நான் பார்த்ததில்லை. கிரில்லை எடுக்கச் சொல்லலாமா என்று கேட்டேன், அது நல்ல வேலைப்பாடு, இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறார், அதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல், அதனால் விட்டுவிட்டேன். அப்புறம் நர்ஸே ஒருநாள் வந்து, இந்தாங்க பார்சல் என்று பொட்டலத்தை நீட்டினாள். நான் கையை முன்னால் நீட்டவில்லை. அவளும் நீட்டிய கையை எடுக்கவில்லை. கை வலிக்குது பெரியம்மா, ஆள் முன்ன மாதிரி இல்லை என்றாள். வாங்கிக்கொண்டேன். மாடிக்கு நீங்களே தூக்கிட்டு வாங்க என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போய்விட்டாள். நான் படியில் ஏறினேன். ஒவ்வொரு படிக்கும் வந்தது, போட்டுருவேனோ, போட்டுருவேனோ என்று கூடவே ஏறியது. இல்லை இல்லை என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. இறுக்கிப் பிடிக்கவும் கூடாது, எப்போதும்போலத் தூக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், எப்போதும்போல என்றால் எப்படி என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அவன் என் காதுக் கம்மலைப் பிடித்து இழுத்தான், வலித்தது, டேய் விடுடா என்றேன். அந்த ஒரு நொடி எனக்கு வலிதான் இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. மேலே போய்ச் சேர்ந்தோம். பார்த்தாயா ஒன்றும் ஆகவில்லை என்று எழுதத்தான் எனக்கு ஆசை. அப்படி அதைச் சாட்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள், நாளைக்கு மனசு இன்னொரு சாட்சி கேட்கும் என்கிறார் டாக்டர். அதனால் மேலே போய்ச் சேர்ந்தோம் என்று மட்டும் எழுதுகிறேன். இப்போது வாரத்தில் சில நாள் அவனை வைத்துக்கொள்கிறேன். நினைப்பு வருகிறது. சில நாள் குறைவு, சில நாள் காலையிலிருந்தே பிடித்துக்கொள்கிறது. ஏன் குறைகிறது, ஏன் கூடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். நான் போனில் பேசாமல் இருந்தாலும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். குட்டியை மாப்பிள்ளைதான் எப்போதும் குளிப்பாட்டுகிறார். நான் கேட்டபோது அவருக்கு அது பிடிக்கும் என்றாய். உன் மாமியார் ஒருநாள், இவ தொட்டிப் பக்கமே வர்றதில்ல சம்பந்தி, ஆபீஸ் வேலை எல்லாம் அப்பதான் வரும் இவளுக்கு என்று கிண்டல் பண்ணினார், எல்லோரும் சிரித்தீர்கள், நீ மட்டும் சிரித்து முடித்த பிறகும் உதட்டைக் கடித்துக்கொண்டே இருந்தாய். உனக்கு உண்மையிலேயே வேலை இருந்திருக்கலாம். மாப்பிள்ளைக்கும் உண்மையிலேயே பிடிக்கலாம். எனக்கு இப்போது எல்லோரிடமும் என் வியாதியே தெரிகிறது, அப்பா தண்ணீர் குடித்தால்கூடத் தெரிகிறது, அதனால் என்னை நம்பாதே. ஆனால் புதிதாகப் பிள்ளை பெற்றவர்களுக்கு இது நிறைய வரும், யாரும் வெளியே சொல்வதில்லை என்று டாக்டர் சொன்னார், உடனே உன் முகம்தான் எனக்கு வந்தது. நீ பட்டம் வாங்கியபோது நம் இரண்டு பக்கத்திலும் அதுவரை யாரும் வாங்காததை வாங்கிவிட்டாய், இனி இவளுக்கு என்னிடம் கேட்க ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். இதைக் கேட்கலாம். உனக்கும் அப்படி ஏதாவது தோன்றினால் என்னிடம் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை, மாப்பிள்ளையிடம் சொல், அங்கே ஒரு டாக்டரிடம் சொல். சொல்லும்போது அவர் காது கேட்கிற பக்கமாக நின்று சொல். ஒன்றும் இல்லை என்றால், அம்மா ஏதோ உளறுகிறாள் என்று விட்டுவிடு, நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது வருவதைப் பற்றி. எல்லாம் சரியானதும், மனசுக்கு இனி வராது என்று நிச்சயமானதும் கிளம்பலாம் என்றுதான் இருந்தேன். டாக்டரிடம் சொன்னேன். அப்படின்னா உங்க பேத்தி காலேஜ் போனப்புறம் போய்ப் பார்க்கலாம் என்றார். அதனால் நிச்சயம் இல்லாமலே வருகிறேன். மாத்திரையை எழுதி வாங்கிக்கொள்கிறேன், டாக்டர் போனிலும் பேசலாம் என்றிருக்கிறார். ஆனால் நீ இதையெல்லாம் படித்த பிறகு குட்டியை என் கையில் கொடுக்க உனக்குப் பயமாக இருந்தால், அது உன் பிள்ளை, நீதான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுது, உன் முழங்காலையோ என் முழங்காலையோ இழுக்காதே. எனக்கு வலிக்கும், ஆனால் அது எனக்குப் புரிகிற வலியாக இருக்கும், இவ்வளவு நாள் இருந்ததுபோல் இருக்காது. டாக்டரிடம் பேச வேண்டுமென்றாலும் பேசு, நான் சம்மதம் சொல்லியிருக்கிறேன். வரச் சொன்னால் ஒன்றே ஒன்று. வந்த அன்றைக்கே குட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு நீ அடுத்த அறைக்குப் போ. கதவிடுக்கில் நின்று பார்க்காதே. இன்றைக்கு நினைப்பு வந்ததா என்று சாயங்காலம் கேட்காதே. நான் உன்னிடம் வந்து, நான் அப்படிச் செய்கிறவளா சொல்லு என்று கேட்டாலும் பதில் சொல்லாதே, காய் நறுக்கிக் கொடு என்று வேலை சொல். உன்னால் அது முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. நீ என்னிடம் அப்படிக் கேட்டால் என்னால் முடியாது என்று நினைக்கிறேன்.

குட்டிக்கு நான்கைந்து சட்டை தைத்திருக்கிறேன், தையல் உடம்பில் உரசாமல் இருக்கப் பிசிறு எல்லாவற்றையும் வெளிப்பக்கம் வைத்து மடித்திருக்கிறேன், திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து மாப்பிள்ளை மாற்றிப் போடப்போகிறார், சொல்லி வை. அளவு கொஞ்சம் பெரிதாகத்தான் எடுத்தேன். அப்பா வர மாட்டார், பட்டறையைப் பூட்ட முடியாது என்கிறார், நான் இல்லாமல் இரண்டு நாள் இருந்து பார்த்துவிட்டு அவரே வருவேன் என்பார், பார். உன் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல், இதையெல்லாம் அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் சொல்வது ஒருவர் காதில் முழுசாக விழும்படி நிறைய காலம் சேர்ந்து இருக்க வேண்டும். குட்டி எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தூங்க வேண்டும். அவள் தலையில் என் கையை வைத்ததாக நினைத்துக்கொள்.

மறக்காமல் ஒன்று. வரச் சொல்வதாக இருந்தால் டிக்கெட்டை நீயே போட்டுவிட்டுத் தேதியை மட்டும் எனக்குச் சொல். போடட்டுமா அம்மா என்று கேட்காதே. கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன், நீயும் கேட்டுக்கொள்வாய்.

இப்படிக்கு,
வர விரும்புகிற
அம்மா